தீனியும் நீரும்: பம்பு மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் முறை

கவலை பூட்டி நீர் இறைத்த காலத்தில், தின்ற தீனிக்கு எத்தனை சால் நீர் இறைத்தது என்று கணக்குப் பார்த்தே நம் முன்னோர் மாட்டை மதிப்பிட்டனர். மிகுதியாகத் தின்று குறைவாக இறைத்த மாடு சந்தைக்குப் போயிற்று. இன்று மாட்டின் இடத்தில் மின் மோட்டார் நிற்கிறது. தீனிக் கணக்குப் பார்க்கும் வழக்கமோ நம்மிடையே மறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1990ஆம் ஆண்டு முதல் உழவர்களுக்குப் பாசன மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருவது இதற்கு ஒரு காரணமாகும். கட்டணம் இல்லாத இடத்தில் கணக்கு எதற்கு என்று அங்கத்தினர் பலர் கருதக்கூடும். அக்கணக்கு ஏன் தேவை, அதை எவ்வாறு போடுவது என்பதே இம்மாதப் பாடம்.

பயனுறுதிறன் என்பது யாது?

மோட்டார் வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு நீரை மேலேற்றும் வேலையாக மாறுகிறதோ, அப்பங்கே பயனுறுதிறன் எனப்படும். எஞ்சியது வெப்பமாகவும் உராய்வாகவும் வீணாகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆலங்குடிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், குழாய்த் தடையையும் சேர்த்து 30 மீட்டர் உயரத்திற்கு நொடிக்கு 4 லிட்டர் நீர் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டரையும் மீட்டரையும் பெருக்கி, வந்ததை 9.81 ஆல் மீண்டும் பெருக்கினால் 1,177 வாட்டு, அதாவது ஏறக்குறைய 1.2 கிலோவாட்டு என வரும். நீருக்கு உண்மையில் வேண்டிய சக்தி இவ்வளவே.

தேய்ந்துபோன பழைய பம்பு செட்டின் பயனுறுதிறன் நூற்றுக்கு 25 ஆனால், அது 4.7 கிலோவாட்டு மின்சாரம் இழுக்கும். நூற்றுக்கு 45 உடைய புதியது 2.6 கிலோவாட்டே இழுக்கும். நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் முன்னதற்கு 28 யூனிட்டும் பின்னதற்கு 16 யூனிட்டும் செலவாகும். ஆண்டுக்கு 200 நாட்கள் இறைப்பின் வேறுபாடு சுமார் 2,500 யூனிட்டு. இரண்டும் இறைப்பது ஒரே அளவு நீர்தான். பழைய 5 குதிரைத்திறன் மோட்டார் செய்த வேலையை இங்கே புதிய 3 குதிரைத்திறன் மோட்டார் செய்துவிடுகிறது.

அரசின் அளவுகோல்

இவ்வேறுபாட்டை வாங்குவோர் கண்ணால் காண இயலாது. அதன் பொருட்டே அரசு அளவுகோல் வகுத்துள்ளது. 2001ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின்படி 2002இல் எரிசக்தித் திறன் செயலகம் அமைந்தது. 2006இல் நட்சத்திரக் குறித் திட்டம் தொடங்கிற்று. பாசனப் பம்பு செட்டுகளும் அத்திட்டத்துள் சேர்க்கப்பட்டன. இந்தியத் தர நிர்ணயத்தில் கூறப்பட்ட பயனுறுதிறனை எட்டியதற்கு ஒரு நட்சத்திரம். அதனினும் 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் உயர்ந்ததற்கு ஐந்து நட்சத்திரம். தர நிர்ணயம் 40 என்றால் ஐந்து நட்சத்திரப் பம்பு 48ஐ எட்ட வேண்டும் என்பது பொருள், 60ஐ அன்று. எல்லாப் பம்புகளிலும் இக்குறியைக் காண இயலாது. ஆகவே கடையில் கேட்டுப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

பிற நாட்டாரும் இத்துறையில் முனைந்துள்ளனர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் நீச்சற்குளப் பம்புகளுக்கும் கட்டாயத் தரம் 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. குளத்து நீர் சுற்றி வருவதேயன்றி உயரே ஏறுவதில்லை. ஆகவே வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். நம் கிணற்றிலோ நீரை மேலேற்றியே ஆக வேண்டும்; வேகத்தை மிகக் குறைத்தால் நீர் வாய்க்காலை எட்டாது. எனவே இறைப்பு உயரத்திற்கும் நீரின் அளவிற்கும் பொருந்திய பம்பைத் தேர்வதே நமக்கு உரிய வழியாகும்.

கட்டணமில்லா மின்சாரத்தின் விலை

மின்சாரத்திற்குப் பணம் கட்டாவிடினும் அதன் விலையை நாம் வேறு வகையில் செலுத்துகிறோம். ஒரே டிரான்ஸ்பார்மரில் பல மோட்டார்கள் மிகுதியாக இழுக்கும்போது மின்னழுத்தம் தாழ்கிறது. தாழ்ந்த அழுத்தத்தில் அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை வாங்குகிறது. காயில் சூடேறி எரிகிறது. காயில் கட்டும் கூலியும், அந்நாட்களில் வாடிய பயிரும் உழவருடைய நட்டமே. நீர் போதவில்லை என்று ஒருவர் பெரிய மோட்டார் பூட்டினால், அண்டை வீட்டார் மோட்டாரும் சேர்ந்து துன்புறுகிறது.

நெசவாளர் அங்கத்தினருக்கும் இதில் பாடமுண்டு. விசைத்தறிக்கு இரு மாதங்களுக்குக் கட்டணமின்றி அளிக்கப்படும் மின்சாரம் 2023இல் 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்டதற்குப் பணம் கட்ட வேண்டியிருப்பதால், திறன் குறைந்த தறி மோட்டாரின் வீண் செலவு நேரே கூலியைத் தின்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை

நல்ல பம்பு தானாகவே நிலத்தடி நீரைக் காக்காது. பழைய 5 குதிரைத்திறனுக்குப் பதில் புதிய 5 குதிரைத்திறனையே பூட்டினால் நீர் முன்னினும் விரைவாக வெளியேறும். போரின் மட்டம் தாழும். மறுபடி ஆழப்படுத்த வேண்டி வரும். விராலிமலை, குளத்தூர்ப் பக்கத்துப் பாறை நிலத்தில் இத்தவறு விரைவிலேயே தெரிந்துவிடும். சிறிய மோட்டார், தேவைக்கு ஏற்ற நீர், கண்மாயில் தேங்கும் மழை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சேமிப்பு நிலைக்கும்.

செய்யத்தக்கவை

முதலாவது, கிணற்றின் கோடைகால நீர்மட்டத்தையும், அறிந்த கொள்ளளவுள்ள தொட்டி நிரம்பும் நேரத்தையும் அளந்து குறித்துக்கொள்க. அக்கணக்கோடு கடைக்குச் செல்க.

இரண்டாவது, ஒரே மோட்டாருக்கு மீண்டும் மீண்டும் காயில் கட்டுமுன் புதியதன் விலையோடு ஒப்பிடுக. ஒழுங்காகச் செய்யப்படாத காயில் கட்டு மோட்டாரின் திறனைக் குறைத்துவிடும். பழைய மோட்டாரை மாற்றுவதற்கு அவ்வப்போது அளிக்கப்படும் மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்தறிக.

மூன்றாவது, ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழுள்ள அங்கத்தினர் அனைவரும் கூடிப் பேசுக. ஒருவர் மட்டும் மாற்றினால் பளு சிறிதே குறையும். பத்துப் பேரும் மாற்றினால் அனைவருடைய காயிலும் பிழைக்கும். கூட்டுறவின் பயன் இங்கேதான் விளங்குகிறது.

2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பம்பு ஓடாத நாட்களின் அருமையை நாம் உணர்ந்தோம். விலையின்றிக் கிடைப்பது மதிப்பற்றது அன்று.

படிப்பு வட்டத்தில் கலந்துரையாட

1. உமது மோட்டார் ஒரு மணி நேரத்தில் எத்தனை யூனிட்டு இழுக்கிறது? எத்தனை லிட்டர் இறைக்கிறது?
2. கடந்த ஐந்தாண்டுகளில் காயில் கட்டக் கொடுத்த கூலி மொத்தம் எவ்வளவு?
3. உமது டிரான்ஸ்பார்மரின் கீழ் எத்தனை மோட்டார்கள் உள்ளன? அவற்றுள் எத்தனை தேவைக்கு மிஞ்சியவை?