எது நல்ல கூலர்? – ஒரு சோதனையும் என் தப்பும்



போன மாதம் இதே சுவரில், "கம்ப்யூட்டருக்குப் புதுக் கூலர் வாங்க ஆளுக்கு 20 ரூபாய் தாருங்கள்" என்று துண்டுத்தாள் ஒட்டியவள் நான்தான். அந்தத் தாளைத் திரும்பப் பெறவே இந்தக் கட்டுரை. முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம் கம்ப்யூட்டர் அறையில் ஜன்னல் ஓரம் இருக்கும் பெட்டி, மத்தியானம் அரை மணி நேரம் ஓடினால் பொட்டென்று அணைந்துவிடும். காலையில் ஒழுங்காக ஓடும். நம் வகுப்புக்கோ மத்தியானம்தான் முறை. மூன்று பேர் ஒரே கம்ப்யூட்டரில் முட்டிமோதிக்கொண்டு இருக்கிறோம். "அது செத்த பெட்டி, கழிச்சுவிடப் போறாங்க" என்று பேச்சு வந்ததும் எனக்குப் பதறியது.

கூலர் என்ன செய்கிறது?

கம்ப்யூட்டரின் மூளை பிராசசர். அதற்குள் போகும் மின்சாரம் கடைசியில் வெப்பமாக மாறிவிடும். 65 வாட் பிராசசர் முழு வேலை செய்யும்போது, பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சுடும். ஆனால் அந்தச் சூடு முழுவதும் தபால்தலை அளவு இடத்தில் இருந்து வருகிறது! சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பல பிராசசர்கள் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் கருகாமல் இருக்க அணைந்துவிடும். நம் பெட்டி சாகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

சூடான கஞ்சியை அகலத் தட்டில் ஊற்றி விசிறினால் சீக்கிரம் ஆறும் அல்லவா? கூலரும் அதே வேலைதான். பைக் எஞ்சினில் வரிவரியாகத் தகடு இருக்குமே, அதுபோல அலுமினியத் தகடுகள் சூட்டைப் பரப்பும். மேலே உள்ள காற்றாடி அதை ஊதித் தள்ளும்.

பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே ஒரு பசை தடவ வேண்டும். ஏன் தெரியுமா? வெப்பம் கடத்தும் திறன் செம்புக்குச் சுமார் 400, அலுமினியத்துக்குச் சுமார் 237. அசையாத காற்றுக்கோ வெறும் 0.026! (அலகு: வாட்/மீட்டர் கெல்வின்.) இரண்டு உலோகங்களை அழுத்தி வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். அந்தக் காற்றை விரட்டி இடத்தை நிரப்பத்தான் பசை.

நான் செய்த தப்பு

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் அண்ணன் ஒருவர், அடியில் செம்பு வட்டம் பதித்த கூலர் ஒன்றை இரவல் தந்தார். முதலில் பழைய கூலரோடு மத்தியானம் ஒரு கடினமான கணக்கை ஓடவிட்டேன். 15 நிமிடத்தில் 92 டிகிரி. இன்னும் ஏறிக்கொண்டே இருந்ததால் அறிவியல் சார் நிறுத்தச் சொன்னார். மறுநாள் காலை 9 மணிக்குப் புதுக் கூலரை மாட்டினேன். 66 டிகிரி! "26 டிகிரி குறைஞ்சிருச்சு சார்" என்று குதித்தேன். அன்றைக்கே துண்டுத்தாளையும் ஒட்டிவிட்டேன்.

சார் சிரிக்கவில்லை. "ஏம்மா, ரெண்டு நாளும் அறை வெப்பம் எவ்வளவுன்னு பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். நல்ல வேளை, ஆய்வக வெப்பமானியைப் பார்த்து நோட்டில் குறித்து வைத்திருந்தேன். மத்தியானம் 34, காலையில் 28. "அப்ப ஆறு டிகிரி வெயில் கொடுத்தது. மிச்சம் இருபதும் கூலர் கொடுத்ததுதானா? பழசுல தூசி இருந்துச்சு, புதுசுல இல்ல. பழசுல பசை காஞ்சு போச்சு, புதுசுல ஈரப் பசை. ஒரே நேரத்துல நாலு விஷயத்தை மாத்திட்டு ஒண்ணுக்கு மட்டும் மாலை போடுறியே?"

எனக்கு முகமே இல்லை.

சரியான சோதனை

இந்த முறை விதி வைத்துக்கொண்டோம். எல்லாச் சோதனையும் மத்தியானம், அதே கணக்கு, 20 நிமிடம், பெட்டிக் கதவு மூடியே இருக்கும். பிராசசர் சூட்டில் இருந்து அறை வெப்பத்தைக் கழித்து வரும் வித்தியாசத்தை மட்டும் ஒப்பிடுவது. காற்றுக் கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறைக் காற்றைவிடக் கீழே குளிர வைக்க முடியாது. அதனால் கழிக்காமல் ஒப்பிட்டால் அது பொய்.

பழைய கூலரைக் கழற்றினால், தகடுகளுக்கு நடுவே தூசி கருவாட்டுத் தோல் மாதிரி அடையாக ஒட்டியிருந்தது. நம் ஊர்க் காற்றில் உப்பு உண்டு. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரத் தூசி அப்பிக்கொள்ளும். பிரஷ்ஷால் சுத்தம் செய்து, காய்ந்த பசையைத் துடைத்து, பயறு அளவு புதுப் பசை வைத்தோம். பிறகு இரண்டு கூலரையும் மும்மூன்று முறை சோதித்தோம்.

அறை வெப்பத்தைவிட எவ்வளவு கூடுதல்?

பழையது, தூசியோடு: 58க்கு மேல்
பழையது, சுத்தம் செய்து: 39, 41, 40 (சராசரி 40)
இரவல் கூலர்: 38, 39, 37 (சராசரி 38)

பார்த்தீர்களா? வித்தியாசம் 2 டிகிரிதான். ஒரே கூலரே ஒவ்வொரு முறையும் அந்த அளவு மாறுகிறது. காலையில் எடுத்த 66இல் 28ஐக் கழித்துப் பாருங்கள், அதே 38 வரும்! கணக்கு அன்றே சரியாகத்தான் இருந்தது. நான்தான் கழிக்கவில்லை.

உங்களுக்குத் தெரியுமா?

* விலை கூடிய கூலர்களில் செம்புக் குழாய்கள் இருக்கும். உள்ளே கொஞ்சம் திரவம். சூடான முனையில் ஆவியாகி, தகடு இருக்கும் முனையில் குளிர்ந்து, மறுபடி திரவமாகித் திரும்பும்.
* 2016இல் தொடங்கிய கமுதி சூரிய மின் நிலையத்தில் (648 மெகாவாட்) பலகைகளின் தூசியைத் துடைக்க ரோபோக்கள் இருக்கின்றன.
* 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு உப்புக் காற்றைத் தாங்கும் சிறப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள்.

இப்போது ஜன்னல் ஓரப் பெட்டி மத்தியானமும் அணையாமல் ஓடுகிறது, அதே பழைய கூலரோடு. கழிக்கும் பேச்சும் நின்றுவிட்டது. இரவல் கூலரை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். 20 ரூபாய் தந்த பதினோரு பேரும் என்னிடம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள்: மாதம் ஒரு முறை பெட்டிகளைத் தூசி தட்ட நான்கு பேர் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, சார் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் திறக்க வேண்டும். வருகிறவர்கள் இந்தத் தாளின் கீழே பெயர் எழுதுங்கள். முதல் பெயர் என்னுடையது.

– 9ஆம் வகுப்பு மாணவி