ஆணுறையைப் பற்றி யாரிடம் பேசுவது?

சேலத்திலும், குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் பாதையிலும் பாலியல் தொழிலாளிகளிடையே எச்.ஐ.வி. தடுப்புக் களப்பணிக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு, இந்த வேலையிலேயே தலை நரைத்த அக்கா சொல்வது:

1. முதலில் பெண்கள் மேல் ஏற்றிய பழியை இறக்கி வையுங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்துச் சோதித்தார். அன்றிலிருந்து "அவளுகளாலதான் வந்துச்சு" என்கிறது ஊர். அவளுக்குக் கொடுத்தவன் எவன் என்று கேட்க ஆளில்லை.

2. பெண்ணிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். உறையின் அருமை அவளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். மாட்ட வேண்டியவன்தான் மறுக்கிறான். "சுகமே இருக்காது", "என்னைப் பார்த்தா சீக்காளி மாதிரியா இருக்கு?", "வேணும்னா கூட இருநூறு வாங்கிக்க." இந்த மூன்றாவது பேச்சில்தான் அவள் தடுமாறுகிறாள், வாடகை பாக்கி இருக்கும் நாளில் யாரும் தடுமாறுவார்கள். உறை வேண்டாமென்று இங்கே கூடக் காசு கொடுப்பவன் போன இடத்திலெல்லாம் அப்படித்தான் கொடுத்திருப்பான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். லாரி ஓட்டுநர், கட்டட வேலைக்காரர், காலேஜ் பையன் என்று ஆண்களைத் தேடிப் போங்கள். பெண்களும் சேர்ந்து நிற்கட்டும். கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சியில் 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய எச்.ஐ.வி. தடுப்பு வேலை எதனால் நிலைத்தது? பெண்களே பெண்களுக்குச் சொல்லி, ஒன்றாக நின்றதால். ஒருத்தி மறுத்தால் அடுத்தவளிடம் போவான். எல்லோரும் மறுத்தால் உறை போட்டுத்தான் ஆக வேண்டும்.

3. வாடிக்கையாளரிடம் கறாராக இருப்பவள்கூடத் தன் ஆளிடம் உறை கேட்பதில்லை. "அவருகிட்டயுமாக்கா?" என்பாள். உறை கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும், தன்னையும் ஒரு வாடிக்கையாளராகப் பார்க்கிறாள் என்று அவர் நினைப்பார் என்று பயம். அந்த ஒரு உறவில்தான் அவள் தொழிலாளி இல்லை; அதை நீங்கள் கொச்சைப்படுத்தக் கூடாது. அதட்டாதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து சோதனை செய்துகொள்ளலாம் என்று பேச்சை எடுங்கள். நாலைந்து மாதம் ஆகும், ஆகட்டும்.

4. போலீஸ் பயத்தில் பலர் பையில் உறை வைப்பதில்லை. பாதுகாப்புக்கு உறை வைத்திருப்பதைக் குற்றமாகவோ குற்றத்துக்குச் சாட்சியமாகவோ கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று உத்தரவிட்டிருக்கிறது. அதன் நகலைக் கையில் வைத்திருங்கள். பெண்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

5. தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் உறை கிழியும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டாலும் கிழியும். வண்டி சீட்டுக்கு அடியில் வெயிலில் வெந்த பாக்கெட் வேண்டாம்.

6. குடித்துவிட்டு வருபவனிடம் வாதாடச் சொல்லாதீர்கள். அவள் உயிர் முக்கியம்.

7. எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு அவளைத் தனியாக அனுப்பாமல் கூடவே போங்கள். சோதனை முடிவு வெளியே போகக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம். உங்கள் வாய்க்கும் அது பொருந்தும். உறை கிழிந்துவிட்டது என்று அழுதால் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு உடனே கூட்டிப் போங்கள். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதனால் நடுராத்திரி அவள் கூப்பிட்டாலும் போனை எடுங்கள்.