நீரே முதன்மருந்து

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் 95-ஆவதாக அமைந்திருக்கின்றது. அதன்கண் உள்ள பத்துக் குறள்களுள் ஒன்றிலேனும் ஒரு மூலிகையின் பெயரோ ஒரு சூரணத்தின் பெயரோ கூறப்படவில்லை. உணவின் அளவையும், பசியறிந்து உண்ணும் முறையையும், நோயின் காரணத்தை ஆராய வேண்டுவதையும் எடுத்துரைத்த ஆசிரியர், இறுதிக் குறளில் மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என வகுத்து அதிகாரத்தை முடிக்கின்றார். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என்பனவே அந்நான்கும். மருத்துவனையும் மருந்தையும் நாம் பெரிதும் மதிக்கின்றோம். நான்காவதாக நின்றவனையோ மறந்துவிடுகின்றோம். ஆனால் ஆசிரியர் அவனையும் ஏனையவற்றோடு ஒப்பவைத்தே எண்ணினார்.

அந்நான்காமவன் யாவன்? தாயும் தமக்கையும், அடுத்த வீட்டாரும், விடுதியில் உடனுறையும் மாணவனுமே அவன். ஓர் இடர் நேர்ந்த கணத்திற்கும் மருத்துவர் வந்து பார்க்கும் கணத்திற்கும் இடையே ஒரு கால அளவு உண்டு. நகரத்தில் அஃது அரைமணியாக இருக்கலாம். சிற்றூரில் அரைநாளும் ஆகலாம். அக்காலம் மருத்துவருடையதன்று, நம்முடையது. அதனுள் செய்யத்தக்கதைச் செய்தலும், தகாததைச் செய்யாது விடுதலும் பலமுறை உயிரையே காக்கின்றன. அக்காலத்திற்குரிய மருந்தோ அரியதன்று. ஒவ்வொரு வீட்டுக் குடத்திலும் இருப்பது. அதுவே நீர். அன்றாடம் நேரும் மூன்று இடர்களில் நீர் எவ்வாறு முதன்மருந்தாகின்றது என்பதையும், எவ்விடத்தில் அது தீங்காகும் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

1. தீப்புண்

அடுப்படியில் கொதிநீர் கவிழ்தலும், காய்ந்த எண்ணெய் தெறித்தலும், சூடேறிய பாத்திரம் கையைச் சுடுதலும் நாடோறும் நிகழ்வன. சுட்ட பொருளை அகற்றியவுடன் சூடும் அகன்றுவிட்டது என்று நாம் கருதுகின்றோம். அஃது உண்மையன்று. தோலினுள் புகுந்த வெப்பம் அங்கேயே தங்கிக் கீழுள்ள அடுக்குகளையும் சிறிது சிறிதாக வேகச் செய்துகொண்டிருக்கும். ஆதலின், முதலிற் செய்யத்தக்கது அவ்வெப்பத்தை வெளியேற்றுதலே. குழாயினின்று ஒழுகும் குளிர்ந்த நீரின் கீழ்ச் சுட்ட உறுப்பை முழுமையாக 20 நிமிடம் வைத்திருத்தல் வேண்டும். குழாய் இல்லாத வீட்டில் செம்பினால் தொடர்ந்து நீர் வார்க்கலாம். 20 நிமிடம் என்பது நெடுநேரமாகத் தோன்றும்; எனினும் இரண்டொரு நிமிடத்தில் நிறுத்திவிடுவதாற் பெரும்பயன் இல்லை. உடனே செய்ய இயலாவிடினும், சுட்டு 3 மணி நேரத்திற்குள் செய்தாலும் நன்மை உண்டு. ஆனால் பனிக்கட்டியை வைத்தல் ஆகாது. அஃது இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்து புண்ணை மிகுவிக்கும். சிறு குழந்தைக்கு நீர் வார்க்கும்போது, சுடாத மற்ற உறுப்புக்களைத் துணியாற் போர்த்து உடல் குளிர்ந்துவிடாமற் காத்தல் வேண்டும்.

வளையலும் மோதிரமும் அணிந்திருப்பின், வீக்கம் தோன்றுமுன் அவற்றைக் கழற்றிவிடுக. புண்ணில் ஒட்டிக்கொண்ட துணியை இழுத்துப் பிய்த்தல் கூடாது. கொப்புளத்தை உடைத்தலும் கூடாது. மை, பற்பசை, மாவு, நெய், மஞ்சள் முதலியவற்றைப் பூசும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி நிற்கின்றது. இவை வெப்பத்தை உள்ளே அடைத்துவைக்கும். அழுக்கையும் கிருமியையும் புண்ணிற் சேர்க்கும். மருத்துவர் புண்ணின் ஆழத்தைக் காணவொட்டாது மறைக்கும். நீர்வார்த்த பின்னர்த் தூய துணியால் தளர மூடுதலே போதும். சுட்ட பரப்பு நோயாளியின் உள்ளங்கையினும் பெரிதாயினும், முகம், கை, பாதம், மறைவிடம் ஆகியவற்றில் அமைந்ததாயினும், மின்சாரத்தாலோ திராவகத்தாலோ நேர்ந்ததாயினும், சுட்டுக்கொண்டது சிறு குழந்தையாயினும், காலந்தாழாது மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

2. நாய்க்கடி

வெறிநோய் முற்றியவனால் நீரை விழுங்க இயலாது. அதனைக் கண்டாலே தொண்டை இறுகித் துன்புறுவான். இதுபற்றியே அந்நோய்க்கு நீர்வெறுப்பு நோய் என்றும் பெயர் உண்டாயிற்று. அதன் குறிகள் தோன்றிய பின்னர்ப் பிழைத்தவர் உலகத்தில் மிகமிகச் சிலரே. ஆனால் குறி தோன்றுவதற்கு முன்னர் அதனைத் தடுத்தல் பெரும்பாலும் நம் கையில் இருக்கின்றது. நீரை அஞ்சச் செய்யும் அந்நோயைத் தடுக்கும் முதற்படியும் நீராகவே இருத்தல் வியப்பன்றோ!

வெறிநோய்க்குக் காரணமானது வைரஸ் என்னும் நுண்ணுயிர். அது நாயின் உமிழ்நீரோடு கடிவாயிற் புகுந்து, நரம்பின் வழியே மெல்ல ஊர்ந்து மூளையை அடையும். அதன் மேலுறை கொழுப்பாலாயது. சவர்க்காரம் கொழுப்பைக் கரைக்கும் தன்மையது. ஆதலால் சவர்க்காரம் பட்டவுடன் அவ்வுறை சிதைந்து நுண்ணுயிர் வலியிழந்துவிடும். ஓடும் நீரும் எஞ்சியதை அடித்துச் செல்லும். எனவே நாய், பூனை, குரங்கு முதலிய எவ்விலங்கு கடித்தாலும் கீறினாலும், அவ்விடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். மிளகாய்ப்பொடி தூவுதல், சுண்ணாம்பு தடவுதல், காசு வைத்துக் கட்டுதல் என்பன யாவும் தீங்கு பயப்பன. அவை புண்ணை அரித்து நுண்ணுயிரை உள்ளே செலுத்திவிடவுங்கூடும்.

கழுவிய அளவில் கடமை முடிந்ததென்று இருந்துவிடலாகாது. அன்றே தடுப்பூசி இட்டுக்கொள்ளுதல் வேண்டும். 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், வெறிநாயாற் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்துவித்தார், சிறுவன் பிழைத்தான். அவ்வறிஞரின் பெயரால் நம் நீலகிரியிற் குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் ஒரு நிலையம் தோன்றி, தென்னாட்டு மக்கள் பலர்க்குப் புகலிடமாயிற்று. அந்நாளில் வயிற்றிற் பலநாள் தொடர்ந்து இடப்பட்ட ஊசியை நினைந்து இன்றும் அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேண்டா. இக்காலத்து ஊசி மேற்கையில் சில தவணைகளாக இடப்படுவது. குறித்த நாட்களில் தவறாது முழுமையும் இட்டுக்கொள்ளுதலே முக்கியம். இரத்தம் வரும்படி கடியுண்டவர்க்குத் தடுப்பூசியோடு வேறொரு மருந்தும் கடிவாயிற் செலுத்துதல் வேண்டும் ஆதலின், காயத்தை மறைக்காமல் மருத்துவர்க்குக் காட்டுக. வீட்டு நாய்தானே, குட்டிதானே, சிறு கீறல்தானே என்று வாளாவிருத்தல் பெரும் பிழையாகும். இதனைச் சிறார்க்கு முன்னமே உணர்த்திவைத்தல் வேண்டும். ஏனெனில் ஏச்சுக்கு அஞ்சிக் கடியை மறைப்போர் அவரே.

3. வயிற்றுப்போக்கு

மேற்கூறிய இரண்டிலும் நீர் புறத்தே பயன்பட்டது; ஈண்டு அஃது அகத்தே பயன்படுவதைக் காண்போம். வயிறு போகும் குழந்தைக்கு நீரும் உணவும் கொடுத்தலாகாது, கொடுத்தால் மேலும் போகும் என்னும் எண்ணம் நம் பெரியோர் பலரிடத்து உண்டு. அன்பினாற் பிறந்த எண்ணமே அது. எனினும் அதனால் இறந்த குழந்தைகள் எண்ணிறந்தனர். வயிற்றுப்போக்கில் பெரும்பாலும் உயிரைக் கொள்வது கிருமியன்று; உடலினின்று நீரும் உப்பும் வெளியேறிவிடுதலே. வெளியேறுவதை அவ்வப்போது ஈடுசெய்து வந்தால், போக்குத் தானே சில நாட்களில் நிற்கும், உயிரும் நிற்கும்.

வெறும் நீர் மட்டும் இதற்குப் போதாது. சிறுகுடலின் சுவரில் உப்பின் கூறாகிய சோடியமும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையும் ஒருசேரப் புகும் வாயில் உண்டு. அவ்விரண்டும் புகுங்கால் நீரும் உடன்புகும். கடுமையான வயிற்றுப்போக்கிலும் இவ்வாயில் அடைபடுவதில்லை. இவ்வுண்மையின் பயனை உலகம் கண்டது 1971-ஆம் ஆண்டில். அவ்வாண்டு கிழக்குப் பாகிஸ்தானத்துப் போரினின்று தப்பி வங்காளத்திற் புகுந்த மக்களிடையே வாந்திபேதி பரவிற்று. பொன்காவ் என்னும் எல்லையூரில் நரம்பின் வழிச் செலுத்தும் உப்புநீர் தீர்ந்துபோகவே, திலீப் மகாலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரைப் பெருங்கலங்களில் நிரப்பி, நோயாளியின் உறவினரையே வாய்வழி ஊட்டுமாறு செய்தார். நூற்றுக்கு முப்பதளவாக இருந்த சாவு நூற்றுக்கு நான்கினும் குறைந்தது. அங்கே உயிர்காத்தவர் யாவர்? கலத்தினின்று நீரை முகந்து ஊட்டிய தாயரும் உடன்பிறந்தாருமே அல்லரோ? குறளாசிரியர் எண்ணிய நான்காமவனின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இக்காலத்தில் இக்கலவை ஓ.ஆர்.எஸ். என்னும் பொட்டலமாகக் கடைகளிலும் அரசினர் சுகாதார நிலையங்களிலும் கிடைக்கின்றது. பொட்டலத்தின்மேற் குறித்த அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் ஒருங்கே கரைத்தல் வேண்டும். அது கிடைக்காத பொழுது, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் இட்டுக் கலக்கலாம். அளவு தவறலாகாது. உப்பு மிகின் குழந்தைக்குக் கேடு. சுவைத்துப் பார்த்தால் கண்ணீரினும் கரிப்பாக இருத்தல் கூடாது. சர்க்கரை மிகின் அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை வளர்க்கும். புட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதுபற்றியே தகாதன. கலந்த நீரை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திராது கொட்டிவிடுக.

ஒவ்வொரு முறை போனபின்னும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்ட சிறார்க்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும், பெரியோர்க்கு வேண்டுமளவும் கொடுக்கலாம். வாந்தியெடுத்தால் 10 நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாக மெல்ல ஊட்டுக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. உப்பிட்ட அரிசிக்கஞ்சி, மோர், குழைந்த சோறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுத்துவருதல் நன்று. துத்தநாக மாத்திரையையும் மருத்துவர் கூறும் அளவில் குழந்தைகட்குக் கொடுப்பது வழக்கம்.

மலத்தில் இரத்தம் காணுதல், குடித்ததெல்லாம் வாந்தியாதல், கண் குழிதல், சிறுநீர் பல மணி நேரம் கழியாதிருத்தல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்லவே மீளுதல், குழந்தை துவண்டு குடிக்க மாட்டாதிருத்தல் என்னும் இவற்றுள் ஒன்று தோன்றினும் வீட்டு மருத்துவத்தோடு நின்றுவிடாது விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. வழியிலும் குடிக்க வல்ல குழந்தைக்கு நீரூட்டுதலை நிறுத்தற்க.

நீர் ஆகாத இடங்கள்

நல்ல மருந்தும் இடமறியாது வழங்கின் நஞ்சாகும். மயங்கிக் கிடப்பவன் வாயிலும், காக்கைவலிப்புற்றவன் வாயிலும் நீர் வார்த்தல் கூடாது. அது மூச்சுக்குழலிற் புகுந்து உயிரை வாங்கும். அவனை ஒருபுறமாகச் சாய்த்துக் கிடத்துதலே தக்கது. எரியும் எண்ணெய்ச் சட்டியில் நீரூற்றினால் தீ கூரையளவும் எழும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுதல் வேண்டும். மின்சாரம் தாக்கியவன்மீது நீர் ஊற்றுதலும், மின்னோட்டத்தை நிறுத்துமுன் அவனைத் தொடுதலும் ஆகா. பாம்பு கடித்த இடத்தைக் கழுவித் தேய்த்தல், கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகிய யாவும் தவிர்க்கத்தக்கன. கடியுண்டவனை நடக்கவிடாது, கடித்த உறுப்பை அசைக்காது, தேறுதல் கூறி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதலே செய்யத்தக்கது.

நம் கடமை

நம் ஆண்டவர் உவமையிற் கூறிய நல்ல சமாரியன் மருத்துவன் அல்லன். தன் கையில் இருந்த எண்ணெயையும் திராட்சரசத்தையும் வார்த்துக் காயங்களைக் கட்டினான்; பின்னர்த் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்திற் சேர்த்துப் பராமரித்தான். கையில் உள்ளதைக் கொண்டு உடனே உதவுதல், பின் தக்க இடத்திற் சேர்த்தல் என்னும் இரண்டனுள் ஒன்று குறையினும் அவ்வுதவி நிறைவு பெறாது. நீர்வார்த்ததே போதுமென்று இருத்தலும், மருத்துவமனை சேரும்வரை யாதும் செய்யாதிருத்தலும் ஒருபடித்தான குறைகளே.

கல்லூரியிற் பயிலும் நாம் இவற்றை அறிந்துவைத்தல் மட்டும் போதாது. வயிறு போகும் குழந்தைக்கு நீர் கொடாதே என்று தடுக்கும் பாட்டியார் நம் நூல்களைப் படிப்பவர் அல்லர். நம் சொல்லைக் கேட்பவர். விடுமுறையில் ஊர்செல்லும்போது, ஒரு லிட்டர் நீரையும் ஒரு தேக்கரண்டியையும் முன்வைத்து அளவைச் செய்துகாட்டினால், அவர் அதனை மறவார், தெருவிலுள்ளார்க்கும் கற்பிப்பார். அங்ஙனம் ஒரு தெருவில் ஒருவர் அறிந்தாலும், அத்தெருவில் ஒரு குழந்தையேனும் பிழைத்தல் கூடும்.