26-ஆல் வகுத்தால் போதுமா?

ஊரில் பொறியியல் படித்தபோது கம்பெனிகள் கல்லூரிக்கே வந்தன. ப்ளேஸ்மென்ட் செல் தேதி சொல்லும். ஆப்டிட்யூட், டெக்னிக்கல், ஹெச்.ஆர். என்று ஒரே நாளில் முடித்துச் சாயங்காலமே பட்டியலை ஒட்டிவிடுவார்கள். சிட்னியில் டேட்டா சயின்ஸ் முதுகலை சேர்ந்துவிட்டு அப்படி யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால், பட்டமளிப்பு விழாதான் வரும். இங்கேயும் கரியர்ஸ் ஃபேர் உண்டு. பேனாவும் துணிப்பையும் தருவார்கள். விண்ணப்பத்தை நாம்தான் தேடிப்பிடித்துப் போட வேண்டும்.

அதுவும் நேரத்தோடு. அடுத்த ஆண்டு பிப்ரவரி வாக்கில் தொடங்கும் கிராஜுவேட் ப்ரோக்ராம்களுக்கு, பெரும்பாலும் இந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச்சிலேயே விண்ணப்பம் திறந்துவிடும். நவம்பரில் பரீட்சை முடித்து நிதானமாக ரெஸ்யூமே எழுத உட்காருகிறவருக்கு அதில் இடமில்லை. அடுத்து விசா. மத்திய அரசின் கிராஜுவேட் ப்ரோக்ராமுக்குக் குடியுரிமை வேண்டும். பல பெரிய நிறுவனங்கள் குடியுரிமை அல்லது பி.ஆர். கேட்கும். படிப்பு முடித்தவர்களுக்கான தற்காலிக 485 விசாவை நம்பியிருப்பவர்கள் விளம்பரத்தில் அந்த வரியை முதலில் படித்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். 'கிராஜுவேட்' என்ற பெயரில்லாத ஜூனியர் அனலிஸ்ட் வேலைகள் சீக் என்ற வேலைத் தளத்தில் ஆண்டு முழுவதும் வரும். எனக்கு வழி திறந்தது அந்தப் பக்கம்தான்.

ஆன்லைன் தேர்வுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, பழகினால் வந்துவிடும். ஆளில்லாத வீடியோ இன்டர்வியூதான் விசித்திரம். திரையில் கேள்வி வரும், யோசிக்கக் கொஞ்சம் நேரம், பிறகு கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். தலையாட்டக்கூட எதிரில் ஆள் இருக்காது. வெஸ்ட்மீட் பக்கம் நாலு பேர் தங்கும் வீட்டில், குக்கர் விசிலுக்கு நடுவே இதைச் செய்யாதீர்கள்; பல்கலைக்கழக நூலகத்தில் அறை பதிவு செய்துகொள்ளலாம்.

எனக்கு மறக்காத கேள்வி மெல்பர்னில் ஓர் இன்டர்வியூவில் வந்தது. "ஒருவரின் ஆண்டு வருமானம் மட்டும் உங்களிடம் இருக்கிறது. அவர் ஒவ்வொரு இரண்டு வாரமும் எவ்வளவு சம்பாதித்தார் என்று தெரிய வேண்டும். என்ன செய்வீர்கள்?" 26-ஆல் வகுக்க வேண்டியதுதானே என்று வாய்வரை வந்தது. அப்போது என் சம்பளச் சீட்டு நினைவுக்கு வந்தது. பாரமட்டாவில் ஓர் உணவகத்தில் கேஷுவல் வேலை. படிப்பு நடக்கும்போது மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வரம்பு, விடுமுறையில் அந்த வரம்பு கிடையாது. பரீட்சை சமயத்துச் சீட்டில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது, ஜனவரிச் சீட்டு கொழுத்திருக்கும். சராசரி எடுத்தால் வரும் தொகை எந்தச் சீட்டிலும் இருக்காது. அதையே சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சு நீண்டது.

அந்தக் கேள்வி சும்மா வந்ததல்ல. 2016 முதல் ஆஸ்திரேலிய அரசு, வரித்துறையிடமிருந்த ஆண்டு வருமானத்தை இப்படித்தான் இரண்டு வாரக் கூறுகளாகச் சராசரியாகப் பிரித்து, சென்டர்லிங்க் உதவித்தொகை வாங்கியவர்களிடம் "கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள்" என்று லட்சக்கணக்கில் நோட்டீஸ் அனுப்பியது. ரோபோடெப்ட் என்று பேர். அது சட்டப்படி செல்லாது என்பது 2019 நவம்பரில் ஃபெடரல் நீதிமன்றத்தில் உறுதியானது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ராயல் கமிஷன் 2023 ஜூலையில் அறிக்கை தந்தது. இந்த ஊரில் டேட்டா வேலைக்குப் போகிறவர் அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இந்த எண் எங்கிருந்து வந்தது, தப்பானால் யார் தலையில் விழும் என்று நீங்களாகக் கேட்கிறீர்களா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

டெக்னிக்கல் கேள்விகளும் அதே மாதிரிதான். எஸ்.க்யூ.எல்.லில் லெஃப்ட் ஜாயின் போட்டதும் வரிசைகள் பெருகிவிட்டனவா என்று எண்ணிப் பார்ப்பீர்களா? ஆயிரத்தில் ஒன்று மோசடி என்றால், எல்லாவற்றையும் 'மோசடி இல்லை' என்று சொல்லும் மாடலுக்கும் 99.9 சதவீத அக்யூரசி வரும். இதைக் கணக்குத் தெரியாத மேனேஜரிடம் எப்படிச் சொல்வீர்கள்? ட்ரான்ஸ்ஃபார்மர் மாடல்கள் பற்றி நான் விழுந்து விழுந்து படித்ததை யாரும் சீண்டவில்லை.

உணவக வேலையை ரெஸ்யூமேயில் போட நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். தாராளமாகப் போடுங்கள். எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை ராத்திரி பரோட்டா தீர்ந்துபோகும், இல்லையென்றால் மாவு மிஞ்சும். பழைய பில்களை எக்செலில் ஏற்றி, மழை பெய்த வெள்ளியையும் பெய்யாத வெள்ளியையும் பிரித்துப் பார்த்து மாவின் அளவை மாற்றினோம். "ஒரு பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள், உதாரணம் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு இதைத்தான் சொன்னேன். டேட்டா படிக்கும் உலகமே செய்து முடித்த டைட்டானிக் பயிற்சி ப்ராஜெக்டைப் பற்றி ஒரு வரி, பரோட்டாவைப் பற்றிப் பத்து நிமிடம். பரோட்டா மாஸ்டரிடம் எப்படிப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தீர்கள் என்றுகூடக் கேட்டார்கள்.

குழு விவாதத்தில் ஓங்கிப் பேசினால் மார்க் என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே பேசாமல் உட்கார்ந்திருப்பவரைப் பேச்சுக்குள் இழுத்தால் கவனிக்கிறார்கள். 'சார்' வேண்டாம், பேர் சொல்லியே கூப்பிடலாம். நாக்கு பழக நாளாகும்.

ஆஃபர் வந்தால், சொல்லும் தொகை சூப்பர் (ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனம் கட்டும் பங்கு) சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள். 2025 ஜூலை முதல் சூப்பரான்யுவேஷன் 12 சதவீதம். சூப்பரோடு ஒரு லட்சம் டாலர் பேக்கேஜ் என்றால், அடிப்படைச் சம்பளம் சுமார் 89,286 டாலர்தான். வரி அதிலிருந்து போகும்.