டி.எம்.எஸ்.ஓ.: சர்வரோக நிவாரணி அல்ல

டைமெத்தில் சல்பாக்சைடு நிறமற்ற ஒரு கரைப்பான். சுருக்கமாக டி.எம்.எஸ்.ஓ. ரஷ்ய வேதியியலாளர் சாய்ட்செவ் 1866இல் இதை உருவாக்கினார். மருத்துவத்தில் இதற்கு நிச்சயமான இடம் உண்டு. அந்த இடத்தைத் தாண்டிப் பேசப்படுபவைதான் ஆபத்தானவை.

நம்பிக்கை: நல்ல மருந்து, அதிகாரிகள் முடக்கிவிட்டார்கள்.

உண்மை: இது தோலை எளிதில் ஊடுருவுவதைக் கண்ட அமெரிக்க மருத்துவர் ஸ்டான்லி ஜேக்கப், 1960களில் வலிக்கு மருந்தாக ஆராய்ந்தார். விலங்குகளின் கண் வில்லையில் மாற்றம் தெரியவே, 1965இல் மனிதர்களிடம் நடந்த சோதனைகள் நிறுத்தப்பட்டன. பின்னர் கட்டுப்பாடு தளர்ந்தது. சிறுநீர்ப்பையில் நீடித்த வலி தரும் ஒருவகை அழற்சிக்கு, 50 சதவீதக் கரைசலைக் குழாய் வழியே உள்ளே செலுத்த 1978இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது.

நம்பிக்கை: தடவினாலோ குடித்தாலோ புற்றுநோய் குணமாகும்.

உண்மை: இதற்கு மருத்துவ நிரூபணம் இல்லை. புற்றுநோய் சிகிச்சையில் இதன் வேலையே வேறு. ரத்தப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்த வேண்டிய ஸ்டெம் செல்களை உறையவைத்துச் சேமிக்கும்போது, பனிப்படிகங்கள் அவற்றைச் சிதைத்துவிடும். பெரும்பாலும் 10 சதவீத அளவில் சேர்க்கப்படும் டி.எம்.எஸ்.ஓ. செல்லுக்குள் புகுந்து அந்தச் சேதத்தைக் குறைக்கிறது. புற்றுநோயை இது அழிப்பதில்லை. நோயாளியை மீட்கும் செல்களைக் காக்கிறது.

நம்பிக்கை: சுத்தமான திரவம்தானே, எங்கே வாங்கினால் என்ன?

உண்மை: தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான திரவத்தில் மாசுகள் இருக்கலாம். டி.எம்.எஸ்.ஓ. தனியாக உள்ளே போவதில்லை. தன்னில் கரைந்திருப்பதையும், தோலில் ஒட்டியிருக்கும் சில ரசாயனங்களையும் சேர்த்தே கொண்டுபோகும். மூட்டுவலிக்கான சில டைக்ளோஃபினாக் கரைசல்களில் இந்தக் குணமே பயன்படுகிறது. அங்கே எது, எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பது கணக்கிடப்பட்டிருக்கிறது. வீட்டில் அந்தக் கணக்கு கிடையாது.

நம்பிக்கை: தடவியபின் மூச்சில் வரும் பூண்டு வாடை, உடலின் நச்சு வெளியேறும் அடையாளம்.

உண்மை: உடல் இந்தத் திரவத்தின் ஒரு பகுதியை டைமெத்தில் சல்பைடாக மாற்றுகிறது. அந்த வாயுவின் வாடைதான் அது. நச்சு நீக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வலி பொறுக்க முடியாதபோது எந்த வாக்குறுதியும் ஆறுதலாகத் தெரியும். அதற்காக ரசாயனக் கடை பாட்டிலை நம்பி, நடக்கும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால், தயங்காமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.