ஏற்ற மடிக்கணினி

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டில் மீன்பிடித் துறைமுகம் ஒன்று உள்ளது. கரையையடுத்து மீன் பிடிப்போர்க்குச் சிறு படகு போதும். பன்னாள் கடலில் தங்குவோர்க்குப் பனிக்கட்டி அறையுடைய விசைப்படகு வேண்டும். மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்தலும் இத்தகையதே.

தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், விண்டோசு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சு என்னும் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒரு வேளையில் ஒன்றே இயங்கும். நினைவகம் முழுவதும் அதற்கே உரியதாகும். மெய்நிகர்க் கணினியோ அவ்வாறன்று. ஓர் இயங்குதளத்தின் உள்ளேயே மற்றொன்று உடன் இயங்குவதால், இரண்டும் நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். 8 ஜிபியில் விருந்தினர்க்கு 4 ஜிபி ஈந்தால், வீட்டார்க்கு எஞ்சுவது 4 ஜிபியே, இரண்டும் தளரும். 16 ஜிபி இருப்பின் இவ்விடர் நீங்கும்.

எளிய விளையாட்டிற்குச் செயலியோடு இணைந்த வரைகலையே போதும். தனி வரைகலைச் சில்லு விலையையும் வெப்பத்தையும் மிகுக்கும். சில மடிக்கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனைப் பின்னர்ப் பெருக்க இயலாது. ஆதலின், வாங்குமுன் வினவி அறிதல் வேண்டும். பெற்றோர் உழைத்தீட்டிய பொருளைக் கவர்ச்சிக்கன்றித் தேவைக்கே செலவிடுதல் அறிவுடைமையாகும்.