பேசும் சிலைகள்

மாணவர்களே! மயிலாப்பூருக்குக் கிழக்கே கடலை ஒட்டிச் செல்வது காமராசர் சாலை. அதன் ஓரமாகச் சான்றோர் பலர் சிலையுருவில் நிற்கின்றனர். அவற்றுட் பல 1968ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்டவை. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அவற்றைக் கடந்து செல்கின்றனர். நின்று நோக்குவோர் மிகச் சிலரே.

ஒருநாள் மாலை, கண்ணகி சிலையருகே அமர்ந்திருந்தேன். தந்தையோடு வந்த சிறுமி ஒருத்தி சிலையை அண்ணாந்து பார்த்து, "அப்பா, இந்த அம்மா கையில் என்ன வைத்திருக்கிறார்? ஏன் இவ்வளவு கோபம்?" என்று வினவினாள். தந்தையார் விடை அறியாது தயங்கினார். நான் அவளை அருகழைத்துக் கூறலானேன்:

"குழந்தாய், அது காற்சிலம்பு. அரசியின் சிலம்பைத் திருடினான் என்று பழி சுமத்தி, இவள் கணவன் கோவலனைப் பாண்டிய மன்னன் ஆராயாது கொல்வித்தான். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். இவள் தன் சிலம்பை அவையில் உடைத்தாள், தெறித்தவை மாணிக்கங்கள். தவற்றை உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் துறந்தான்."

சிறுமியின் கண்கள் அகன்றன. "இந்தக் கதை உங்களுக்கு எப்படித் தெரியும், தாத்தா?" என்றாள்.

நல்ல வினா அது! சாலையின் எதிர்ப்புறம், சற்று வடக்கே, மாநிலக் கல்லூரி வளாகத்தில் நிற்கும் உ. வே. சாமிநாதையர் சிலையைப் பற்றி அவளுக்குக் கூறினேன். 1903 முதல் 1919 வரை அக்கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் அவர். ஊர் ஊராகச் சென்று செல்லரித்த ஏடுகளைத் தேடினார். பிரதிகளை ஒப்பிட்டுச் சிலப்பதிகாரத்தைப் பழைய உரைகளோடு 1892ஆம் ஆண்டில் பதிப்பித்தார். ஏடுகள் அழிந்திருப்பின் கண்ணகி ஏது? அவளுக்குச் சிலைதான் ஏது?

இன்னும் வடக்கே சென்றால் உழைப்பாளர் சிலையைக் காணலாம். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அச்சிலை 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. நால்வர் ஒன்றுகூடிப் பெரும்பாறையைப் பெயர்க்கின்றனர். அந்நால்வர்க்கும் பெயரில்லை, உழைக்கும் மக்கள் அனைவரும் அவர்களே. இந்தியாவில் முதன்முதலாக மே நாள் கொண்டாடப்பட்டதும் இச்சென்னைக் கடற்கரையிலேதான். 1923ஆம் ஆண்டு அவ்விழாவை நடத்தியவர் சிங்காரவேலர்.

விடைபெறும்போது அச்சிறுமி, "வீட்டுக்குப் போய்த் தம்பிக்கு நான் சொல்வேன்" என்றாள். தந்தையார் மீண்டும் ஒருமுறை சிலையைத் திரும்பி நோக்கினார்.

மாணவர்களே! செல்லரித்தால் ஏடு அழியும். சொல்வார் இல்லையேல், நின்றவாறே சிலையும் அழிந்ததாகும். ஆதலின், பெற்றோருடன் செல்லும்போது ஒவ்வொரு சிலையின் முன்னும் சிறிது நில்லுங்கள். பெயரைப் படியுங்கள், வரலாற்றைக் கேட்டறியுங்கள், தம்பி தங்கையர்க்கு எடுத்துரையுங்கள். உங்கள் நாவினால் அச்சிலைகள் பேசும்.